உட்கார்ந்து பார்க்க வேண்டிய கோட்டு

குதிரையில் வேட்டைக்குப் போகும்போது போட, என் முதல் கோட்டை நான் கண்ணாடி முன்னால் நின்று பார்த்து வாங்கினேன். நின்று பார்த்தபோது அதில் ஒரு குறையும் இல்லை. தோள் அளவாக உட்கார்ந்தது, இடுப்பு பிடித்தது, கை மணிக்கட்டில் வந்து நின்றது. கறுப்பு நிறம், மூன்று பட்டன், பளபளவென்று லைனிங். இணையத்தில் ஆர்டர் செய்து வந்த பெட்டியைப் பிரித்த அன்றைக்கே அப்பாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "நல்லாத்தான் இருக்கு கண்ணு. உக்காந்து பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் முதல் சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு குதிரை ஏறினேன். கடிவாள வாரைப் பிடிக்கக் கையை முன்னால் நீட்டியதுமே கோட்டின் கை மூன்று இஞ்ச் மேலே ஏறிவிட்டது. கையுறைக்கும் கோட்டுக்கும் நடுவே வெறும் தோல். குதிரை ஓட்டமெடுத்தபோது முதுகுத் துணி பலகை மாதிரி இறுகியது. பின்கட், அதாவது கோட்டின் பின்பக்கப் பிளவு, போதுமான உயரத்துக்கு இல்லாததால் கோட்டின் வால்மீதே நான் உட்கார்ந்திருந்தேன்; ஒவ்வொரு முறை சேணத்தில் அமரும்போதும் கோட்டு கீழே இழுத்தது, காலர் கழுத்தை விட்டுப் பின்னால் எழும்பியது. பத்து மணிக்குத் தொடங்கிய மழை அந்த இடைவெளி வழியாக நேராக முதுகுக்குள் இறங்கியது. மூன்று மணி நேரம் கழித்து இறங்கும்போது விரல்கள் விறைத்து, சேணத்தின் வாரை அவிழ்க்கக்கூட முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண்தான் அவிழ்த்துக் கொடுத்தார். அவர் போட்டிருந்த கோட்டு என் வயதைவிடப் பழையது. உள்ளே அவர் காய்ந்துதான் இருந்தார்.

அந்தக் கோட்டுக்கு நான் கொடுத்தது 160 பவுண்டு. ஒரு முறை உடுத்தியதைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நான் என்ன வேட்டைக்குப் போகிறேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இங்கே வந்து சில வருஷங்கள் கழித்துக் குதிரையேற்றம் கற்றுக்கொண்டேன். நரி வேட்டைக்கு நான் போனதில்லை, போகவும் மாட்டேன். நாய்களை விட்டு நரியைத் துரத்திக் கொல்வதை 2004இல் போட்ட சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்துவிட்டது. 2005 பிப்ரவரி 18 முதல் அது அமலில் இருக்கிறது. நான் போவது ப்ளட்ஹவுண்ட் நாய்களோடு. அவை துரத்துவது ஒரு மனிதரை! ஓடப் பழகிய ஒருவர் வயலும் வேலியும் ஓடையும் தாண்டி முன்னால் ஓடுவார். கொஞ்ச நேரம் கழித்து நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். மிருகத்தின் வாசனையோ வேறு எந்த வாசனைத் திரவமோ தெளிப்பதில்லை. அந்த மனிதரின் சொந்த வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு நாய்கள் போகும். இதற்கு 'கிளீன் பூட்' என்று பெயர். நாய்களுக்குப் பின்னால் நாங்கள் குதிரையில். கடைசியில் நாய்கள் அவரைக் கண்டுபிடித்து என்ன செய்யும் என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். முகத்தை நக்கும். அவர் பாக்கெட்டில் வைத்திருக்கும் பிஸ்கட்டைத் தின்னும். அவ்வளவுதான்.

நரி போய்விட்டாலும் உடை போகவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் என்ன போட்டார்களோ அதைத்தான் இப்போதும் போடுகிறோம். சடங்குக்காக மட்டும் என்று முதலில் நினைத்தேன். நனைந்த பிறகுதான் அந்த உடையில் ஒவ்வொரு தையலும் ஏன் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

தேட ஆரம்பித்ததும் நினைவுக்கு வந்தது நீலகிரி வெலிங்டனில் அப்பாவின் தையல் கடை.

நீலகிரியில் வளர்ந்தவர்களுக்கு ஊட்டி ஹன்ட் என்ற வேட்டைக் குழுவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து நாய்களைக் கொண்டுவந்து, நரி கிடைக்காத இடத்தில் குள்ளநரியைத் துரத்தினார்கள். அவர்கள் ஓடிய புல்வெளிக்கு வென்லாக் டவுன்ஸ் என்று பெயர். 1891 முதல் 1896 வரை சென்னை கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர். நாடு விடுதலையான பிறகு வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு வந்த ராணுவ அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள் போட்ட அதே சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அதே புல்வெளியில் குதிரை விட்டார்கள். அப்பாவுக்கு யூனிஃபார்ம் வேலை. தோள்பட்டையில் நட்சத்திரம் வைப்பது, பேன்ட் இடுப்பைப் பிரித்து விடுவது, இப்படி.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். ஓர் ஆர்டர்லி அப்படி ஒரு சிவப்புக் கோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அக்குளில் தையல் விட்டிருந்தது. பத்து நிமிஷ வேலை. ஆனால் அப்பா அதை மூன்று நாள் வைத்திருந்தார். முதல் நாள் ராத்திரி கடையைச் சாத்திய பிறகு அதை உள்வெளியாகத் திருப்பி மேசைமேல் விரித்து, இஞ்ச் டேப்பை வைத்து ஒவ்வோர் இடமாக அளந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். நான் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அன்றைக்கு கரன்ட் இல்லை. "இங்க பாரு, கை எப்படித் தொங்குதுன்னு" என்று தோளைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். சாதாரணக் கோட்டின் கை கீழ்நோக்கித் தொங்கும். இதன் கை தானாகவே முழங்கையில் மடங்கி முன்னால் வளைந்திருந்தது, உள்ளே ஆள் இருப்பது மாதிரி. பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தேன். அப்பா சிரித்தார். "இது நிக்கிறவனுக்கு வெட்டின துணி இல்ல கண்ணு. உக்காந்து ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி இருக்கிறவனுக்கு வெட்டினது" என்றார்.

முப்பது வருஷம் கழித்து லெஸ்டர்ஷயர் மழையில் நனைந்த பிறகு அது எனக்குப் புரிந்தது.

அடுத்த கோட்டைத் தேடுவதற்கு முன்னால் அப்பாவிடம் பாடம் கேட்டேன். அவர் சொன்னதும், குதிரை லாயத்தில் பழைய ஆட்கள் சொன்னதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. முதலில் ஆர்ம்ஹோல், கோட்டின் உடம்போடு கை சேரும் வளையம். அது பெரிதாக இருந்தால்தான் கை தாராளமாக அசையும் என்று எல்லாரும் நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. ஆர்ம்ஹோல் கீழே இறங்கி இருந்தால் கையைத் தூக்கும்போது கோட்டு முழுவதும் கூடவே எழும்பும். அக்குளுக்கு நெருக்கமாக, உயரத்தில் இருந்தால் கை மட்டும் அசையும், கோட்டு இருந்த இடத்தில் இருக்கும். அப்புறம் கையின் நீளம். நிற்கும்போது புறங்கையில் ஓர் இஞ்ச் இறங்கி, அண்ணன் கோட்டைத் தம்பி போட்ட மாதிரி தெரிய வேண்டும். கடிவாளத்தைப் பிடித்த பிறகு அது சரியாக மணிக்கட்டுக்கு வரும். இடுப்புப் பட்டன் தொப்புளுக்கு மேலே, உடம்பு மடங்கும் இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உட்காரும்போது வயிற்றில் துணி கூடாரம் போடும். பின்கட் அந்த இடுப்பு வரை ஏறியிருந்தால்தான் சேணத்தின் பின்மேட்டுக்கு இரண்டு பக்கமும் துணி பிரிந்து விழும், தொடையை மூடும். விழுந்தால் விலா எலும்பைக் காக்க உள்ளே பாடி ப்ரொடெக்டர் போடுகிறோம், அதையும் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். நான் முதல் கோட்டை டீ ஷர்ட்மேல் போட்டுப் பார்த்திருந்தேன்.

லண்டனில் சவில் ரோ தெருவில், சவாரி உடை தைக்கும் பெரிய கடைகளில், அளவு பார்க்க மரக்குதிரையே வைத்திருப்பார்கள். வாடிக்கையாளரை அதன்மேல் ஏற்றி உட்காரவைத்துத்தான் சாக்பீஸ் கோடு போடுவார்கள். அங்கே இருக்கும் ஹன்ட்ஸ்மன் என்ற கடை 1849இல் தொடங்கியது. சவாரிக் கால்சட்டை தைத்துத்தான் பெயர் வாங்கியது. அங்கே ஒரு கோட்டு தைக்க ஆயிரக்கணக்கில் பவுண்டு ஆகும். எனக்குக் கட்டாது. அதனால் பழையது தேடினேன்.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கோட்டுகளின் துணிக்கு மெல்டன் என்று பெயர். நான் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள மெல்டன் மோப்ரே என்ற ஊரின் பெயர் அது. க்வார்ன், காட்ஸ்மோர், பெல்வாய்ர் என்று மூன்று பெரிய வேட்டைக் குழுக்களின் எல்லைகள் அந்த ஊரைச் சுற்றித்தான். (எழுதுவது பெல்வாய்ர், வாயால் சொல்வது பீவர். இது தெரியாமல் நான் ஒரு வருஷம் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.) மெல்டன் முழுக்கக் கம்பளி. நெய்த பிறகு நனைத்து, சோப்புப் போட்டு, அடித்துச் சுருக்குவார்கள். இழையும் இழையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நெசவே கண்ணுக்குத் தெரியாமல் போகும். பிறகு மேலே எழும்பும் மயிரை வழித்துவிடுவார்கள். கத்தரியால் வெட்டினால் ஓரம் பிரியாது. சூட் தைக்கும் துணி ஒரு கெஜம் 10 அவுன்ஸ் போல இருக்கும், வேட்டைக் கோட்டின் மெல்டன் 20 அவுன்ஸுக்கு மேல், கனமான ரகம் 30ஐக்கூடத் தாண்டும். மழை அதன்மேல் முத்து முத்தாக நிற்கும், சட்டென்று உள்ளே இறங்காது. முள்வேலி எளிதில் கிழிக்காது. நான் இணையத்தில் வாங்கியது பாலியஸ்டர் கலப்பு. கையில் எடுத்தாலே எடை வித்தியாசம் தெரிந்திருக்கும், கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கினேன்.

மெல்டன் மோப்ரே பக்கத்தில் ஒரு கிராமத்தில் சேணம், லாடம், குதிரைத் தீவனம் எல்லாம் விற்கும் ஒரு கடை. மாடியில் பழைய துணிகள். ஜனவரி மாதம் ஒரு புதன்கிழமை, நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்து நேராகப் போனேன். கம்பியில் நாற்பது கோட்டு தொங்கியது. கடைக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் தோளை ஒரு தடவை பார்த்துவிட்டு ஐந்து கோட்டை மட்டும் உருவிப் போட்டார். நான்கைப் பார்த்துக் கழித்தோம். ஒன்றில் பூச்சி அரித்திருந்தது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது முதுகில் ஊசிமுனை மாதிரி வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஒன்றில் தோள் அகலம். தோளை மட்டும் மாற்றலாம் என்று நினைக்கவே கூடாது என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். மற்ற எதையும் பிரித்து விடலாம், பிடிக்கலாம். தோள் உன் தோளாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது கோட்டைக் கையில் வாங்கியதும் கை தாழ்ந்தது, அவ்வளவு கனம். கறுப்பு. காலரைத் தூக்கினால் அடியில் ஒரு சிறிய நாக்கு மாதிரித் துணி, பெருமழையில் காலரை மேலே தூக்கி முன்னால் பட்டன் போட்டுக்கொள்ள. கையின் உள்ளே, விளிம்பிலிருந்து நான்கு இஞ்ச் உள்ளடங்கி, கம்பளியில் பின்னிய இறுக்கமான ஒரு வளையம். என் மணிக்கட்டு நனைந்ததற்கு மருந்து அங்கே இருந்தது. மேல் உடம்புக்குக் கட்டம் போட்ட கம்பளி லைனிங், மஞ்சள்மேல் சிவப்பும் கறுப்பும். இடுப்புக்குக் கீழே லைனிங் வேறு: ரப்பர் பூசிய பருத்தித் துணி. குதிரையின் வியர்வையும் நனைந்த சேணத்தின் ஈரமும் மேலே ஏறாமல் இருக்க. உள்பாக்கெட்டுக்குள் தையல்காரரின் லேபிள், அதில் மையால் எழுதிய ஒரு பெண்ணின் பெயர், 1968 என்ற வருஷம். வலது முழங்கையில் கண்ணுக்கு எளிதில் தெரியாதபடி இழை இழையாக நூல் ஓட்டி அடைத்த ஒரு கிழிசல். யாரோ முள்ளிலோ கம்பியிலோ விழுந்து எழுந்திருக்கிறார்.

கடையின் மூலையில் ஒரு மரத் தாங்கியில் சேணம் இருந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே அந்த அம்மா, "ஏறி உட்கார்" என்றார். பாடி ப்ரொடெக்டர் போட்டு, அதன்மேல் கோட்டைப் போட்டு ஏறி உட்கார்ந்தேன். கயிற்றை எடுத்துக் கையில் கொடுத்து, பின்னால் போய் நின்று பார்த்தார். போனைத் தாங்கிக்கு எதிரே அலமாரியில் சாய்த்து வைத்து அப்பாவை அழைத்தேன். இங்கே மூன்று மணி, அங்கே ராத்திரி எட்டரை.

அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இருபது நிமிஷம் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா ஸ்கிரீனில் விரலை வைத்து "அங்க, அங்க" என்பார். அந்த அம்மா அதே இடத்தில் துணியைக் கிள்ளிக் காட்டுவார். கோட்டைக் கழற்றி உள்வெளியாகத் திருப்பச் சொன்னார் அப்பா. லைனிங் ஓரிடத்தில் விட்டிருந்ததால் உள்ளே பக்கத் தையல் தெரிந்தது. "எவ்வளவு விட்டிருக்கான் பாரு" என்றார். கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இருந்தது. இடுப்பில் பக்கத்துக்கு ஓர் இஞ்ச் தாராளமாகப் பிரித்து விடலாம். கையிலும் மடிப்புக்குள் ஒன்றரை இஞ்ச் இருந்தது. "இதத் தைச்சவனுக்கு, நாளைக்கு இத வேற ஒருத்தர் போடுவாங்கன்னு தெரிஞ்சிருக்கு" என்றார். அவர் குரல் அப்போது மாறியிருந்தது. 90 பவுண்டு கொடுத்து வாங்கினேன்.

வாங்கிய பிறகு ஒரு வேலை இருந்தது. கோட்டில் இருந்த பட்டன்களில் ஒரு வேட்டைக் குழுவின் எழுத்துகள் பொறித்திருந்தன. இந்தப் பட்டனை யாரும் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வதில்லை. பல வருஷம் ஒழுங்காக வந்து உழைப்பவர்களுக்கு மாஸ்டர் என்னும் குழுத் தலைவர் கொடுப்பது. சிவப்புக் கோட்டுக்காரர்களிடம் பட்டனை எண்ணியே ஆளைச் சொல்லிவிடலாம்: பட்டன் பெற்ற உறுப்பினருக்கு மூன்று, மாஸ்டருக்கு நான்கு, நாய்களை நடத்தும் ஹன்ட்ஸ்மனுக்கு ஐந்து. அந்தச் சிவப்பை இவர்கள் 'பிங்க்' என்பார்கள். பிங்க் என்று ஒரு தையல்காரர் இருந்தார், அதனால் வந்த பெயர் என்று கதை சொல்வார்கள், அப்படி ஒருவர் இருந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பட்டன் விஷயம் கதை இல்லை. எனக்குக் கொடுக்காத பட்டனை நான் போட முடியாது. ஒவ்வொன்றாக நூலை அறுத்து எடுத்தேன். மெழுகு தேய்த்த நூல், அவ்வளவு சீக்கிரம் அறுபடவில்லை. எடுத்த பட்டன்களை ஒரு மருந்து டப்பாவில் போட்டு, லேபிளில் இருந்த பெயரையும் எழுதி, அந்தக் குழுவின் செயலாளருக்கு அனுப்பிவைத்தேன். என் கோட்டில் இப்போது எழுத்தில்லாத கறுப்புப் பட்டன்.

பிரித்துத் தைக்க லெஸ்டரிலேயே ஒரு பெரியவர் கிடைத்தார். 1972இல் உகாண்டாவிலிருந்து இந்தியர்களை விரட்டியபோது இந்த ஊருக்கு வந்து சேர்ந்த குஜராத்திக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. வேட்டைக் கோட்டை அவர் தொட்டதில்லை. ஆனால் நான் விஷயத்தைச் சொன்னதும் பெஞ்சைக் குறுக்கே இழுத்துப் போட்டு, காலை இரண்டு பக்கமும் போட்டு உட்காரச் சொன்னார். கையை நீட்டச் சொல்லி அப்படியே குண்டூசி குத்தினார். இடுப்பில் முக்கால் இஞ்ச், கையில் ஓர் இஞ்ச். பழைய மடிப்பு இருந்த இடத்தில் கோடு தெரியும் என்று எச்சரித்தார். ஆவி பிடித்து, பிரஷ் போட்டு, திரும்ப ஆவி பிடித்துக் கொடுத்தார். கோடு தெரியவில்லை. முழங்கையில் கிழிசலை அடைத்திருந்த பழைய நூல்வேலையை மட்டும் தொடவேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

பிப்ரவரியில் அதைப் போட்டுக்கொண்டு போனேன். ஸ்டாக் என்னும் வெள்ளைத் துணியைக் கழுத்தில் சுற்றி, ஊசியைப் படுக்கைவாட்டில் குத்திக்கொண்டேன். நெட்டுக்குத்தலாகக் குத்தினால் விழும்போது தொண்டையில் ஏறும். அந்தத் துணி நீளமாக இருப்பதுகூட, யாராவது கையை உடைத்துக்கொண்டால் தூளி கட்டத்தான் என்பார்கள். நர்ஸ் என்பதால் இதில் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அன்றைக்கும் மழை. ஓட்டக்காரர் மலைச்சரிவில் ஒரு புள்ளியாகி மறைந்தார். நாய்களை விட்டதும் முன்னால் போன ஒன்று தலையைத் தாழ்த்தி ஒரு நீளமான குரல் கொடுத்தது, மற்றவை சேர்ந்துகொண்டன. அந்தச் சத்தம் அடிவயிற்றில் அதிரும். குதிரை காதை முன்னால் நிமிர்த்தியது, புறப்பட்டோம். இரண்டாவது வேலியைத் தாண்டி இறங்கியபோதுதான், இவ்வளவு நேரமும் கோட்டைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை என்று உறைத்தது. கையைப் பார்த்தேன். கையுறைமேல் கோட்டின் விளிம்பு அப்படியே படுத்திருந்தது. தோளில் மழை மணி மணியாக உட்கார்ந்திருந்தது. பின்னால் இரண்டு பாதியும் தொடையை மூடிக்கொண்டு குதிரையோடு சேர்ந்து ஏறி இறங்கின. ஓடையருகே ஓட்டக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார், பத்து நாக்கு அவர் முகத்தில்.

வீட்டுக்கு வந்து கோட்டை அகலமான ஹேங்கரில் போட்டு, ஹீட்டருக்குத் தூரமாக, காற்றுப்படும் இடத்தில் தொங்கவிட்டேன். சேற்றை ஈரத்தோடு தேய்த்தால் துணிக்குள் இறங்கிவிடும். காயவிட்டு மறுநாள் பிரஷ் போட்டால் மாவு மாதிரி உதிர்ந்துவிடும். அப்பாவை அழைத்தபோது அதைக் கழற்றிவிட்டதற்காகக் கோபித்துக்கொண்டார். திரும்பப் போடச் சொன்னார். ஈரக் கோட்டைப் போட்டுக்கொண்டு, போனைத் தரையில் சாய்த்து வைத்து, சோபாவின் கைப்பிடிமேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டினேன்.

"முதுகக் காட்டு" என்றார். திரும்பி உட்கார்ந்தேன். வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"கைய இறக்கிறாத கண்ணு, அப்படியே இரு" என்றார் அப்பா. "அம்மாவக் கூப்பிடுறேன்."